படத்துக்குக் கீழே இருப்பது பேர்

என் வீட்டுக்காரர் அர்ஜுனன் ஒரு புத்தகம் எழுதினார். மனுஷருக்குக் குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, பீடிகூடக் கிடையாது. ஆம்பளை என்றால் ஏதாவது ஒரு கெட்ட பழக்கம் இருக்கத்தான் செய்யும் என்று நானும் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டேன். அது என் பிழைப்பிலேயே வந்து கை வைக்கும் என்று அப்போது தெரியவில்லை.

அவர் பிறந்து வளர்ந்தது சந்தாபுராவில். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னட மீடியம். தொம்மலூரில் ஒரு லாரி ஆபீசில் ரசீது எழுதுகிற வேலை. நான் அல்சூர்ப் பக்கம் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். கன்னடம் பேசச் சொன்னால் காய்கறிக்காரன் தானாக விலையைக் குறைக்கும் அளவுக்குப் பேசுவேன். படிக்கச் சொன்னால்தான் முழிப்பேன். என் கண்ணுக்கு அது ஜாங்கிரி பிழிந்து வைத்த தட்டு. எங்கள் தெருவில் எல்லோரும் இந்த லட்சணம்தான். இந்த ஊரிலேயே பிறந்து, இந்த ஊரிலேயே பிள்ளை பெற்று, பஸ்ஸை மட்டும் நம்பர் பார்த்துத்தான் பிடிப்போம். போர்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பக்கத்தில் நிற்கிறவரைக் கேட்போம். அவரும் நம் ஆளாக இருந்தால் இரண்டு பேரும் சேர்ந்து முழிப்போம்.

இது தொண்ணூற்றாறில் நடந்தது. நான் அப்போது ஒரு கார்மெண்ட்ஸில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். காலையில் போய் நின்றால் சாயங்காலம் மணி அடிக்கிற வரைக்கும் நிற்க வேண்டும். முழங்காலுக்குக் கீழே நரம்பெல்லாம் நீலமாகச் சுருண்டு புடைத்துக்கொண்டது. டாக்டரம்மா பார்த்துவிட்டு, "இன்னும் நின்னீங்கன்னா ஒருநாள் காலே நிக்காது. உக்காந்து செய்யற வேலையாப் பாத்துக்குங்க" என்றார். உட்கார வைத்துச் சம்பளம் கொடுக்க எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

அப்போதுதான் எங்கள் பின்சந்து அங்கன்வாடியில் ஹெல்பர் வேலை காலியாகப் போகிறது என்று கேள்விப்பட்டேன். இருந்த அம்மா யுகாதிக்கு அப்புறம் ரிடயர். பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்துகொள்ளலாம். வீட்டிலிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம். சூப்பர்வைசர் மமதா மேடத்தைப் போய்ப் பார்த்தேன். தங்கமான பொம்பளை, ஆனால் கறார். "வேலை குடுக்கலாம் சந்திரம்மா. ஆனா கன்னடம் ஓதத் தெரியணும். மாவு மூட்டை மேல என்ன எழுதியிருக்குன்னு படிக்கத் தெரியலன்னா புள்ளைங்களுக்கு எதைக் கொட்டிக் குடுப்பீங்க" என்று தமிழிலேயே சொல்லி அனுப்பிவிட்டார். கன்னடத்தில் ஓது என்றால் படி என்று அர்த்தம்.

வீட்டிலேயே வாத்தியார் இருக்கும்போது என்ன கவலை என்றுதானே நினைப்பீர்கள். கட்டின புருஷனிடம் பாடம் கேட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் நாள் 'அ' எழுதினேன். "சுழி எங்க போச்சு?" என்றார். போட்டேன். "இது சுழியா, சுண்டைக்காயா?" என்றார். இரண்டாம் நாள், "தலைக்கட்டு எங்க?" என்று கேட்டுக் குச்சியால் பலகையில் தட்டினார். கன்னட எழுத்துக்கு மேலே ஒரு கோடு வருமே, அதற்குத் தலைக்கட்டு என்று பேராம். "தலைக்கட்டு கட்டறதுக்கு இங்க யாருக்குத் தலை வலிக்குதுங்க? எனக்குக் கால்தான் வலிக்குது" என்று பலகையைத் தூக்கி அவர் மடியில் போட்டுவிட்டு எழுந்துவிட்டேன்.

"சரி, எனக்குப் பேசிச் சொல்லித்தர வராது. என் புத்தகம் வரட்டும். அதைப் பாத்து நீயே கத்துக்குவே" என்றார்.

அந்தப் புத்தகத்தைத்தான் அவர் இரண்டு வருஷமாக எழுதிக்கொண்டிருந்தார். 'கன்னட எழுத்து கற்போம்' என்று பேர். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்கள் தாங்களாகவே கன்னடம் படிக்கக் கற்றுக்கொள்வதற்கு. பக்கத்துக்கு ஒரு பாடம். மேலே ஒரு கட்டத்தில் படம், படத்துக்குக் கீழே அதன் பேர் கன்னடத்தில், அதற்குக் கீழே தமிழில் விளக்கம். கன்னட எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தன் கையாலேயே தடித்த மையில் எழுதினார்.

அதோடு விட்டாரா. புத்தகம் என்றால் அதற்கு அங்க அடையாளம் உண்டாம். வாசலில் தலைப்பு. நுழைந்ததும் பொருளடக்கம். அப்புறம் அத்தியாயம், அத்தியாயத்துக்குள் துணைத்தலைப்பு, அதற்குக் கீழே பத்தி. படம் போட்டால் படக்குறிப்பு. சந்தேகம் வருகிற இடத்தில் அடிக்குறிப்பு. கடைசியில் அருஞ்சொற்பொருள், அதற்கும் பின்னால் சொல்லடைவு. "இதுல ஒண்ணு இல்லன்னாலும் படிக்கறவன் வழி தெரியாம நடுவுல நிப்பான் சந்திரா" என்பார். "கேஸ் தீர்ந்து போய் நாலு நாளா நான் ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிச்சுக்கிட்டு நிக்கறேன். அதுக்கு ஒரு அடிக்குறிப்பு போடுங்க" என்பேன்.

புத்தகத்தை அச்சுப்போட எங்கள் பேட்டைத் தமிழர் நற்பணி மன்றம் முன்வந்தது. தொண்ணூற்றொன்றில் தமிழர்களை அடித்த கலாட்டாவுக்கு அப்புறம் மன்றத்துக்காரர்களுக்கு எதற்கெடுத்தாலும் நல்லுறவு. கொடி ஏற்றினால் நல்லுறவு, கேரம் போட்டி வைத்தால் நல்லுறவு. கன்னடம் கற்றுத்தருகிற புத்தகம் என்றதும் விடுவார்களா. தலைவர் ஆராவமுதன், செயலாளர் ஜெயராஜ், இன்னும் ஐந்தாறு பேர் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள்.

ஆராவமுதன் மல்லேஸ்வரத்து ஆள். ரிடயர் ஆனதும் தொம்மலூரில் பிளாட் வாங்கிக்கொண்டு வந்தவர். தண்ணீர் கேட்டால்கூட மேடையில் நின்று கேட்கிற மாதிரி கேட்பார். நான் காப்பித் தட்டோடு உள்ளே நுழைகிறேன், அவர் என்னைப் பார்த்தபடி, "எனக்கு இந்தத் தலைப்பு கொஞ்சமும் பிடிக்கவில்லை" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்குக் கட்டியிருந்தது பழைய மஞ்சள் புடவை, தலைப்பு ஓரத்தில் கிழிசல். சட்டென்று இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, "வீட்ல கட்டறதுதான் சார். நல்லது பொட்டியில இருக்குது" என்றேன்.

அவர் காதில் அது விழவே இல்லை. "தலைப்பு என்றால் பார்த்த கணத்தில் கண்ணைப் பறிக்க வேண்டாமா? நீளமாக இருக்க வேண்டும். பளபளவென்று இருக்க வேண்டும். இது என்ன, வெறிச்சென்று" என்றார். காப்பியை அவர் தலையில் கவிழ்ப்பதா தரையில் கவிழ்ப்பதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது என் வீட்டுக்காரர் மெதுவாக, "புத்தகத்துத் தலைப்பைச் சொல்றாரு சந்திரா" என்றார். காப்பி பிழைத்தது.

'கன்னட எழுத்து கற்போம்' போய், 'நல்லுறவின் நறுமணம்' வந்தது. "ஊதுவத்திப் பேர் மாதிரி இருக்குதே" என்றேன். பெண்கள் உள்ளே போகலாம் என்கிற மாதிரி ஜெயராஜ் இருமினார்.

அப்புறம்தான் வாழ்த்துரை தொடங்கியது. தலைவர் ஒரு அணிந்துரை எழுதுவது முறை. தலைவர் எழுதினால் செயலாளர் சும்மா இருக்க முடியுமா, அவர் ஒரு வாழ்த்துரை. பொருளாளர் ஆம்ப்ரோஸ் ஒரு பாராட்டுரை. காகிதம் வாங்கிக் கொடுத்தவர்களுக்கு நன்றி சொன்னால் போதாது, அவர்களே நமக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டும் என்றார் ஜெயராஜ். பிஸ்கட் ஏஜென்சி ரவிக்குமார், சிமெண்ட் கடைக்காரர், டியூஷன் சென்டர்காரர், சைக்கிள் ஸ்டாண்ட் காண்ட்ராக்டர் என்று ஆளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு ஒரு போட்டோ. வாங்கிய காகிதமோ அளவானது. ஒரு வாழ்த்துரை உள்ளே வந்தால் புத்தகத்தில் ஒரு பக்கம் வெளியே போக வேண்டும்.

முதலில் சொல்லடைவு போனது. "இதில் யார் யார் பெயர் இருக்கிறது?" என்று கேட்டார் ஆராவமுதன். பேர் இல்லை, கன்னடச் சொற்கள்தான் என்றார் இவர். "நம்மவர் ஒருவர் பெயரும் இல்லாமல் பெயர்ப் பட்டியல் எதற்கு?" என்று எடுத்துவிட்டார். அடுத்து அருஞ்சொற்பொருள். அதற்கு அடுத்து அடிக்குறிப்பு. பெரியவர்கள் எழுதின பக்கத்தில் காலடியில் பொடி எழுத்து ஊர்வது மரியாதை இல்லையாம். பொருளடக்கத்தை மட்டும் தொடவில்லை, எந்தப் பக்கத்தில் யார் போட்டோ என்று தேட அது வேண்டியிருந்தது. அந்தக் கூட்டத்தில் மிஞ்சிய அடக்கம் அது ஒன்றுதான்.

கடைசியில் பாடங்கள் போயின. ஒன்றிரண்டு இல்லை, மொத்தமும். பாகம் இரண்டில் வரும் என்றார்கள்.

நான் பொறுக்க முடியாமல் ஆராவமுதன் வீட்டுக்கே போனேன். "சார், எழுத்துச் சொல்லித்தர்ற புத்தகத்துல எழுத்தே இல்லன்னா எப்டி சார்? யுகாதிக்குள்ள நான் படிச்சாகணும். எனக்கு வேலை போயிடும்" என்றேன்.

"அம்மா, வீடு கட்டுகிறோம். முதலில் வாசலை அழகாகக் கட்ட வேண்டாமா?" என்றார்.

"கட்டுங்க சார். உள்ள சமையல்கட்டு ஒண்ணு வேணும்ல" என்றேன்.

"வாசல் அழகாக இருந்தால் வருகிறவர்களுக்கு மனம் நிறைந்துவிடும்" என்று சொல்லிக் கும்பிட்டார். கும்பிட்டுவிட்டால் அதற்கு மேல் என்ன பேசுவது. காலை இழுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். இவர் அதற்குள் வாயே திறக்காத ஆளாகிப் போயிருந்தார். சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், போட்டதைச் சாப்பிடுவார். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பலகையை நீட்டி எனக்குச் சொல்லிக்கொடுங்கள் என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை.

அச்சகம் டெஸ்மண்டுடையது, அல்சூரில். பாடப் பக்கங்களைக் கட்டம் கட்டி, படம் ஒட்டி, கன்னட எழுத்தை ஒட்டி ஏற்கெனவே தயாராக வைத்திருந்தார். எல்லாம் வீணாகிறதே என்று அவருக்கு வயிற்றெரிச்சல். அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். படத்தை மட்டும் உரித்துவிட்டு அதே கட்டத்தில் போட்டோவை ஒட்டினார். எந்தப் போட்டோ எந்தக் கட்டத்துக்கு அளவாக இருக்கிறதோ அதில் ஒட்டினார். கீழே தமிழ் விளக்கத்தை எடுத்துவிட்டு வாழ்த்துரையைப் போட்டார். நடுவில் இருந்த கன்னட எழுத்தை என்ன செய்வது என்று தெரியவில்லை. அவருக்குக் கன்னடம் படிக்க வராது. மேற்பார்வைக்கு வந்த ஜெயராஜிடம் கேட்டார். ஜெயராஜுக்கும் வராது.

"இது இன்னா டெஸ்மண்ட்?"

"தெரில சார். அர்ஜுனன் சார் எழுதிக் குடுத்தது. படத்துக்குக் கீழ இருக்கறது பேர்தானே சார்."

அவர் சொன்னது சரிதான். படத்துக்குக் கீழே இருந்தது பேர்தான். ஆனால் ஜெயராஜ் அதைக் கேட்டதும் பூரித்துப்போய், "நம்ம பேரைக் கன்னடத்துலயும் போட்டிருக்காரா? இதான்யா நல்லுறவு. அப்டியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எழுதினவருக்குப் புரூஃப் காட்ட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

வெளியீட்டு விழா கல்யாண மண்டபத்தில். எங்கள் வார்டு கார்ப்பரேட்டர் கிருஷ்ணப்பா வந்து வெளியிட்டார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. அவர் பேரிலும் ஒரு வாழ்த்துரை இருந்தது, ஜெயராஜ் எழுதியது. தங்கக் காகிதம் சுற்றின பிரதி ஒன்றை அவர் கையில் கொடுத்தார்கள். அவர் அதைப் பிரிக்காமல் கையில் வைத்துக்கொண்டே, ராத்திரி முழுக்கத் தூங்காமல் ஒரே மூச்சில் படித்து முடித்ததாகப் பேசினார். எல்லோரும் கை தட்டினார்கள். அட்டையில் ஆசிரியர் ஆராவமுதன் என்று போட்டிருந்தது. உள்ளே பொடி எழுத்தில் 'உதவி: அர்ச்சுணன்' என்று இருந்தது. சொந்தப் புத்தகத்தில் தன் பேரைத் தப்பாகப் பார்த்தும் மனுஷர் பிரதியை மூடிப் பையில் வைத்துக்கொண்டார். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

மண்டபத்தில் சாப்பிடாமலே வீட்டுக்கு வந்துவிட்டோம். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். இவர் கூடத்தில் உட்கார்ந்து புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். திடீரென்று கேவுகிற மாதிரி ஒரு சத்தம். பாவம், இவ்வளவு நாள் அடக்கி வைத்திருந்தது வெடித்துவிட்டது என்று ஓடினேன். பார்த்தால் கண்ணில் தண்ணீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"இது யாரு?" என்று ஒரு பக்கத்தைக் காட்டினார்.

"ஏன், தலைவர்தான். மாலையோட நிக்கறாரு."

"கீழ என்ன எழுதியிருக்குது?"

"அவர் பேரு."

"கத்தெ" என்றார்.

கன்னடத்தில் கத்தெ என்றால் கழுதை. மாலை போட்டுக்கொண்டு, கையைக் கூப்பிக்கொண்டு, கீழே கழுதை. போட்டோவை இன்னொரு தடவை பார்த்தேன். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தவள் அடுப்பில் சோறு குழைந்து களியான பிறகுதான் நிறுத்தினேன். ஜெயராஜ், இலி, அதாவது எலி. ஆம்ப்ரோஸ், எம்மெ, அதாவது எருமை. சிமெண்ட் கடைக்காரர், பூசணிக்காய். பிஸ்கட் ரவிக்குமார் மட்டும் ராசிக்காரர், அவருக்கு அரசன் விழுந்திருந்தது. கார்ப்பரேட்டர் கிருஷ்ணப்பா சின்ன போட்டோ கொடுத்திருந்தார். அது சரியாகப் பொருந்தின கட்டத்தில் முன்பு குரங்கு இருந்தது. கன்னடத்தில் குரங்குக்குக் கோத்தி என்று பேர்.

இவர் ஒரு பக்கத்தைத் திருப்புவார், எழுத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் படிப்பார், நான் போட்டோவைப் பார்ப்பேன், இரண்டு பேரும் சுருண்டு விழுவோம். சாயங்காலம் விளக்கு ஏற்றும்போது எனக்கு ஒன்று தெரிந்தது. 'க' என்று மனசுக்குள் நினைத்தால் அந்த எழுத்து கண்ணில் நிற்கிறது, மாலையோடு. 'இ' என்றால் ஜெயராஜ் மூக்கு. 'எ' என்றால் ஆம்ப்ரோஸ் மீசை. சுழியும் தலைக்கட்டும் சொல்லிச் சொல்லி மண்டையில் ஏறாதது இந்த முகங்களோடு தானாக வந்து உட்கார்ந்துகொண்டது. கன்னடத்தில் எத்தனை எழுத்து உண்டோ அத்தனை பிரமுகர்கள் தொம்மலூரில் இருந்தார்கள். அதற்காக அவர்களை நான் முதல்முறையாகக் கும்பிட்டேன்.

மறுநாளே இவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். "தப்பு தப்புதான் சந்திரா. பிழைதிருத்தம்னு ஒரு துண்டுச் சீட்டு அடிச்சு உள்ள வைக்கச் சொல்லணும்." ஆனால் கன்னடம் படிக்க வராத ஆராவமுதன் இவரை வாசலிலேயே கட்டிப்பிடித்துக்கொண்டாராம். "என் பெயரைக் கன்னடத்தில் அவ்வளவு அழகாக எழுதிக் கொடுத்தீரே" என்று உள்ளே கூட்டிப்போய்க் காட்டினாராம். அந்தப் பக்கத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி பிரேம் போட்டு, ஹாலில் மாட்டி, பக்கத்தில் ஒரு சீரியல் லைட். இவர் திரும்பி வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். "என்னால சொல்ல முடியல" என்றார்.

அப்புறம் நான் விடவில்லை. பஸ் போர்டு, மருந்துக்கடைப் பலகை, கடலை மடித்துக் கொடுத்த காகிதம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் கூட்டிக் கூட்டிப் படித்தேன். தடுக்கினால் இவரைக் கேட்பேன். இவரும் குச்சியை எடுக்காமல் யார் முகம் என்று மட்டும் சொல்லுவார். கார்மெண்ட்ஸில் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு லேபிளைப் படித்து சூப்பர்வைசரிடம் திட்டு வாங்கினேன். ராத்திரி காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று அதற்கே சமாதானம் சொல்வேன்.

யுகாதி முடிந்து வார்டு ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். உள்ளே மேசைக்குப் பின்னால் மமதா மேடம். பக்கத்தில் கமிட்டித் தலைவர் என்று கார்ப்பரேட்டர் கிருஷ்ணப்பா. எனக்கு முன்னால் போன பெண்ணுக்குப் பேப்பரில் ஒரு செய்தியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள், கதவு வழியாகக் கேட்டது. அது எனக்கும் வரும். தைரியமாகத்தான் உள்ளே போனேன்.

"கன்னட ஓதொக்கெ பருத்தா?" என்றார் மேடம். படிக்க வருமா என்று.

"பருத்தெ மேடம்."

"எல்லி கலித்தெ?" எங்கே கற்றாய் என்று கிருஷ்ணப்பா கேட்டார்.

அங்கேதான் என் வாய் என்னைக் கவிழ்த்தது. "மன்றத்துப் புத்தகத்தைப் பாத்துதான் சார்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மமதா மேடம் பேப்பரை நீட்டிய கையைத் தடுத்து, "பேப்பர் ஏதுக்கு மேடம்? நம்ம புத்தகமே இருக்குது" என்று ஆளை விட்டு ஜீப்பிலிருந்து எடுத்துவரச் சொன்னார். தங்கக் காகிதம் அப்படியே இருந்தது. அங்கேயே கிழித்தார். பக்கத்தைத் திருப்பித் திருப்பித் தன் போட்டோவைக் கண்டுபிடித்தார். கிட்டத்தில் எழுத்துத் தெரியாவிட்டாலும் கண்ணாடி போடாத மனுஷர், கையை நீட்டிப் பிடித்துத் தன்னையே கொஞ்ச நேரம் ரசித்தார். பக்கம் முழுக்கத் தமிழ். கன்னடம் என்று இருந்தது போட்டோவுக்குக் கீழே இருந்த அந்த ஒன்றுதான். போட்டோவுக்குக் கீழே என்ன இருக்கும், பேர்தானே இருக்கும். புத்தகத்தை என் பக்கம் திருப்பி வைத்து, அதன்மேல் விரலை ஊன்றினார்.

"ஓதம்மா. இதன்ன ஓது."

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிஷம் முதலில் எனக்கு வந்தது பயம் இல்லை, சந்தோஷம். யார் முகத்தையும் நினைக்காமல், கூட்டாமல், எழுத்து கண்ணில் பட்டதும் தானாக உள்ளே படித்துக்கொண்டது. கோத்தி. படிக்காமல் இருக்க நினைத்தாலும் முடியவில்லை. எனக்குப் படிக்க வந்துவிட்டது. நாற்பது வயசில், ஒரு ஆபீஸ் மேசைக்கு முன்னால், ஒரு ஜாங்கிரி எழுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.

இருந்தபடி படித்தால் கார்ப்பரேட்டரை முகத்துக்கு நேரே குரங்கு என்று சொன்னதாகும். வேலை போச்சு. தெரியாது என்றால் படிக்கத் தெரியாதவள். அப்போதும் வேலை போச்சு. இவர் நாளெல்லாம் மை தொட்டு எழுதினது அந்த எழுத்து. அதைத் தப்பாகச் சொன்னால் அவருக்குத் துரோகம். சொல்லாவிட்டால் நாளைக் காலையில் இந்தக் கால் மறுபடியும் இஸ்திரி மேசைக்கு முன்னால் நிற்க வேண்டும். கிருஷ்ணப்பா, "ஓதம்மா, ஓது" என்று சிரித்தார்.

நான் ஆள்காட்டி விரலை எழுத்துக்குக் கீழே வைத்தேன். புதிதாகப் படிக்கிறவள் மாதிரி, நிறுத்தி நிறுத்தி, "ஸ்ரீ... கிருஷ்ணப்ப... னவரு" என்றேன். கன்னடத்தில் இருந்தது இரண்டே எழுத்து. அவ்வளவு நீளப் பேரை அதற்குள் முடிக்க விரல்தான் படாத பாடு பட்டது.

"நோடி மேடம், எஷ்டு சென்னாகி ஓதிதாளெ" என்று கிருஷ்ணப்பா மேசையைத் தட்டினார். எவ்வளவு நன்றாகப் படித்துவிட்டாள் பாருங்கள் என்று.

மமதா மேடம் எட்டிப் பார்த்தார். போட்டோவைப் பார்த்தார். கீழே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அவர் உதடு ஒரு பக்கமாக இழுத்தது, கீழ் உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். படிக்கத் தெரியாத கூமுட்டை என்று நினைக்கிறாரா, எல்லாம் தெரிந்த கள்ளி என்று நினைக்கிறாரா, எனக்கு விளங்கவில்லை. அவர் புத்தகத்தை மூடி, கிழிந்த தங்கக் காகிதத்தையே மறுபடியும் சுற்றி, கிருஷ்ணப்பாவிடம் கொடுத்தார். "பீரோவுல பத்திரமா வச்சுக்குங்க சார். யார்கிட்டயும் குடுத்துடாதீங்க" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "உங்களுக்கு ரொம்ப நல்லாவே ஓத வருது சந்திரம்மா. திங்கக்கிழமை வந்து சேந்துக்குங்க" என்றார்.

தெருவில் நடந்து வரும்போது எதிரில் இருந்த போர்டெல்லாம் படித்துக்கொண்டே வந்தேன். துணிக்கடை, பல் ஆஸ்பத்திரி, சைக்கிள் ரிப்பேர். ஒவ்வொன்றும் சரியாக வந்தது. அழுகையும் வந்தது. வேலை கிடைத்தவள் ஏன் அழுகிறாள் என்று இளநீர்க்காரன் பார்த்தான்.

இவர் லாரி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். வேலை கிடைத்துவிட்டது என்றேன். "என்ன ஓதச் சொன்னாங்க?" என்றார், அதுதான் முக்கியம் என்கிற மாதிரி.

"உங்க புத்தகந்தான்."

முகம் அப்படியே மலர்ந்தது. "எந்தப் பாடம்?"

சொன்னேன். விரல் வைத்ததிலிருந்து மேசையைத் தட்டினது வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. உள்ளே போய் எங்கள் பிரதியை எடுத்துக்கொண்டு வந்து, பாயில் எனக்கு எதிரே உட்கார்ந்தார். அந்தப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் வைத்தார்.

"இப்ப ஓது" என்றார்.

"கோத்தி" என்றேன்.

"சரி" என்றார் அவர்.